கண்டனைக் கொன்ற புலி யார்? ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டு ‘அரக்கன்’ காவலனான கதை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போகிறவர்கள் பெரும்பாலும் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள். கொஞ்சம் தலை தூக்கி மேற்கே பார்த்தால், வழி நெடுக மலை கூடவே வரும். மேற்குத் தொடர்ச்சி மலை. ஊருக்கும் அந்த மலைக்கும் நடுவில் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கண்மாய். அவ்வளவுதான் இடைவெளி.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள், பால்கோவா, 11 நிலை கோபுரம் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஆனால், இந்த ஊர் உருவான கதை ஒரு சாவில்தான் தொடங்குகிறது. காட்டுக்குள் போன ஒருவனைப் புலி கொன்றுவிட்டது. அவனைத் தேடிப் போனவன் கட்டியதுதான் ஊர்.

அந்தக் கதையில் புலி மட்டும் இல்லை, ஓர் அசுரனும் வருகிறான். இன்று அதே மலைக்காடு புலிகள் காப்பகம். கொல்ல வேண்டிய அரக்கனாகப் பார்க்கப்பட்ட ஒரு விலங்கை, காப்பாற்ற வேண்டிய உயிராகச் சட்டம் எப்போது பார்க்கத் தொடங்கியது? அப்படியென்றால், காட்டோரம் வாழ்கிறவர்களின் பயம் என்ன ஆனது?

வில்லி – கண்டன் கதை என்ன?

தலபுராணம் சொல்வது இது. மல்லி என்ற அரசி ஆண்ட பகுதி இது. அவளுடைய பிள்ளைகள் வில்லி, கண்டன். ஒரு நாள் அண்ணன் தம்பி இருவரும் வேட்டைக்குப் போகிறார்கள். கண்டன் ஒரு புலியைத் துரத்திக்கொண்டு காட்டின் உள்ளே போய்விடுகிறான். அந்தப் புலி அவனைக் கொன்றுவிடுகிறது.

இது வில்லிக்குத் தெரியாது. கண்டனைத் தேடி அலைகிறான். களைத்துப்போய் ஒரு மரத்தடியில் தூங்கிவிடுகிறான். கனவில் பெருமாள் வந்து நடந்ததைச் சொல்கிறார். காலநேமி என்ற அசுரனை அழிக்கத் தாம் இங்கு வந்திருப்பதாகவும், ஆலமரத்தடியில் வடபத்ரசாயியாக இருக்கப்போவதாகவும் சொல்கிறார். காட்டைத் திருத்தி ஊராக்கு, கோயில் கட்டு என்பது உத்தரவு. வில்லி அமைத்த புது ஊர், வில்லிபுத்தூர் ஆகிறது.

இது வரலாற்று ஆவணம் இல்லை, நம்பிக்கை சார்ந்த கதை. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பரவலாகச் சொல்லப்படும் இந்த வடிவத்தில் வில்லி அந்தப் புலியைத் தேடிப் பழிவாங்குவதில்லை. அழிக்கப்பட வேண்டியவன் அசுரன்தான். அதுவும் கடவுளின் வேலை. புலி கதையிலிருந்து அப்படியே காட்டுக்குள் போய்விடுகிறது. அது என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை.

புலிக்கும் அசுரனுக்கும் என்ன சம்பந்தம்?

காடு முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில் வாழ்ந்த மனிதர்கள், உலகம் முழுக்க ஒரே மாதிரி ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு ஓர் உருவம் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழில் இதற்குப் பழைய உதாரணம் யாளி. சங்கப் பாடல்களிலேயே யானையைத் தாக்கும் கொடிய மலை விலங்காக ஆளி, யாளி என்ற பெயர்கள் வருகின்றன. பிற்காலத்தில் அது கல்லில் ஏறிவிட்டது. சிங்க உடம்பு, பிதுங்கிய கண், சில இடங்களில் யானைத் துதிக்கை. மதுரை புது மண்டபம் உட்பட நாயக்கர் காலத் தூண்களில் ஆளை விட உயரமாக எழுந்து நிற்கும் யாளிகளைப் பார்க்கலாம். அஞ்ச வேண்டிய மிருகம் கோயிலுக்குள் வந்ததும் காவல் மிருகமாக மாறிவிட்டது.

இன்னொரு பக்கம் எல்லைச்சாமிகள். அய்யனார், கருப்பசாமி. ஊருக்கு வெளியே, குளக்கரையில், மலையடிவாரத்தில் இருப்பவர்கள். ராத்திரி குதிரையேறி ஊரைச் சுற்றிக் காவல் காப்பதாக நம்பிக்கை. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அய்யனார் கோயிலும் இப்படி ஓர் எல்லையில்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் காடு.

“இருட்டினப்புறம் அந்தப் பக்கம் போகாத, முனி அடிச்சிடும்” என்று பாட்டி சொன்னதை இன்று மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், அந்த வாக்கியத்தில் முனியை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பது நல்ல அறிவுரை: இருட்டிய பிறகு காட்டோரம் தனியாகப் போகாதே.

சுந்தரவனத்தில் இருக்கும் புலி அரக்கன்

இதே யோசனை வங்காளத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது. கங்கை கடலில் கலக்கும் சுந்தரவனக் காடுகளில் தேன் எடுப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள் கும்பிடும் தெய்வம் போன்பீபி. அவருக்கு எதிராளி தக்கிண ராய். புலி உருவம் எடுத்து மனிதரைத் தின்னும் அரக்க அரசன்.

கதைப்படி, தோனா என்ற தேன் வியாபாரி, துக்கே என்ற ஏழைச் சிறுவனைக் காட்டுக்கு அழைத்துப்போகிறான். படகு நிறைய தேனும் மெழுகும் கிடைப்பதற்காக அந்தப் பையனை தக்கிண ராய்க்குப் பலியாக விட்டுவிட்டு வந்துவிடுகிறான். போன்பீபி ஓடிவந்து காப்பாற்றுகிறார். கடைசியில் அரக்கன் கொல்லப்படுவதில்லை. சமரசம் ஏற்படுகிறது. காடு அவனுக்கும் உண்டு. மனிதர்கள் தேவைக்கு மட்டும் எடுக்க வேண்டும், பேராசையோடு வரக்கூடாது.

இந்துக்கள், முஸ்லிம்கள் இருவருமே போன்பீபியைக் கும்பிட்டுவிட்டுத்தான் அந்தக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். கதையில் சிறுவனை அரக்கனிடம் கொண்டுபோய் விட்டது மனிதனின் பேராசை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நிஜப் புலி எப்படி ‘பூதம்’ ஆகிறது?

கதையை ஓரமாக வைத்துவிட்டு விலங்கை மட்டும் பார்ப்போம். பேய்க்குச் சொல்லப்படும் அடையாளங்கள் பலவற்றுக்குப் புலியின் உடம்பிலேயே பதில் இருக்கிறது.

இருட்டில் எரியும் கண்: புலியின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு உண்டு. குறைந்த வெளிச்சத்திலும் பார்க்க இது உதவுகிறது. தீப்பந்தமோ டார்ச்சோ பட்டால் கண் மட்டும் தனியாக ஜொலிக்கும்.

திடீரென மறைவது: வரிகள் உடம்பின் வடிவத்தை உடைத்துக் காட்டும். காய்ந்த புல்லுக்குள் நின்றால் சில அடி தூரத்திலும் தெரியாது. மான்களின் கண்ணால் ஆரஞ்சையும் பச்சையையும் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அவற்றுக்குப் புலி கிட்டத்தட்ட இலை நிறம்தான்.

சத்தமில்லாமல் வருவது: புலி நெடுந்தூரம் துரத்தும் விலங்கு இல்லை. பதுங்கிப் பதுங்கி நெருங்கி, கடைசி சில அடிகளில் பாயும். பெரும்பாலும் பின்னாலிருந்து. குறி கழுத்து.

உடம்பை உலுக்கும் குரல்: புலியின் உறுமல் 3 கிலோமீட்டர் வரை கேட்கும். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகளும் அதில் உண்டு.

மின்சாரம் இல்லாத காலத்தில், மாட்டைத் தேடி அந்தி நேரத்தில் காட்டோரம் போன ஒருவருக்கு இவை எல்லாம் சேர்ந்து எப்படித் தெரிந்திருக்கும்? “அது மிருகம் இல்லப்பா, வேற என்னமோ” என்று திரும்பி வந்து சொல்லியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தப் பின்னாலிருந்து தாக்கும் குணத்தை வைத்தே சுந்தரவனத்தில் 1980களில் ஒரு சோதனை நடந்தது. காட்டுக்குள் போகிறவர்கள் தலைக்குப் பின்பக்கம் மனித முக முகமூடியை மாட்டிக்கொண்டார்கள். ஆள் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் புலி நினைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. தொடக்கத்தில் நல்ல பலனும் கிடைத்தது. பூதத்தை ஏமாற்ற மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, அதன் பழக்கத்தைத் தெரிந்துகொண்டதே போதுமானதாக இருந்தது.

புலி ஏன் மனிதனைத் தின்னத் தொடங்குகிறது?

புலியின் இயல்பான உணவில் மனிதன் இல்லை. கடமான், புள்ளிமான், காட்டுப்பன்றி, காட்டுமாடு இவைதான் அதன் இரை. நிமிர்ந்து நடக்கும் மனிதனைக் கண்டால் பெரும்பாலான புலிகள் விலகிப் போய்விடும்.

பிறகு எங்கே பிசகுகிறது? இதில் அதிகம் பேசப்படும் உதாரணம் சம்பாவத் பெண் புலி. நேபாளத்திலும் குமாவுன் மலைப் பகுதியிலும் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. 1907இல் அதைச் சுட்டவர் ஜிம் கார்பெட். அருகில் போய்ப் பார்த்தபோது, அதன் வலது பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனதற்கு அதுவே காரணம் என்று கார்பெட் எழுதினார்.

எல்லா ஆட்கொல்லிப் புலிக்கும் இதே காரணம் என்று சொல்ல முடியாது. முதுமை, காயம், இரை குறைவது, குட்டியோடு இருக்கும்போது ஆள் குறுக்கே வருவது, எல்லை தேடி அலையும் இளம் புலி ஊருக்குள் வந்துவிடுவது எனப் பல காரணங்கள் உண்டு. குனிந்து விறகு பொறுக்குகிறவரையும் புல் அறுக்கிறவரையும் வேறு விலங்கு என்று நினைத்துத் தாக்குவதும் நடக்கிறது.

யார் யாரை வேட்டையாடியது?

ஒரு கட்டத்துக்குப் பிறகு இந்தக் கதையில் வேட்டைக்காரன் இடம் மாறிவிட்டான். ஆங்கிலேயர் ஆட்சியில் புலி ஒழிக்கப்பட வேண்டிய ஜந்து. கொன்றுவந்தால் பரிசுப் பணம் உண்டு. 1875 முதல் 1925 வரையிலான 50 ஆண்டுகளில் மட்டும் 80,000க்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார்.

1970களின் தொடக்கத்தில் எண்ணிப் பார்த்தபோது நாடு முழுவதும் 1,800 சொச்சம்தான் மிச்சம். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1 அன்று 9 காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அதன் பிறகும் சரிவு நிற்கவில்லை. 2006 கணக்கெடுப்பில் 1,411. தமிழ்நாட்டில் வெறும் 76.

அங்கிருந்துதான் ஏறியிருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரியாக 3,682 புலிகள். தமிழ்நாட்டில் 306.

இந்த மாற்றத்தை ராஜபாளையத்திலேயே வேறொரு வழியிலும் பார்க்கலாம். முழு வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு என்று சட்டென அடையாளம் தெரியும் ராஜபாளையம் நாய், காட்டுப்பன்றி வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனம். காட்டை எதிர்கொள்ள ஊர் உருவாக்கிய ஆயுதம் என்றே அதைச் சொல்லலாம். வேட்டை சட்டப்படி குற்றமான பிறகு அது தோட்டத்துக்கும் வீட்டுக்கும் காவலாளி ஆகிவிட்டது. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட 4 இந்திய நாய் இனங்களின் தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று.

2021இல் என்ன மாறியது?

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988இலேயே சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மரத்துக்கு மரம் தாவும் இந்தப் பெரிய அணிலுக்கு, கிளைகள் ஒன்றையொன்று தொடும் அடர்ந்த காடு வேண்டும். 2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயமும் தேனி மாவட்டத்தின் மேகமலை சரணாலயமும் இணைக்கப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டில் 5ஆவது, நாட்டில் 51ஆவது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். பக்கத்திலேயே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் இருப்பதால், புலிக்கு மாநில எல்லை தெரியாமல் நடமாட ஒரு தொடர் காடு கிடைத்திருக்கிறது.

புலிக்கு இவ்வளவு இடம் எதற்கு என்ற கேள்வி வரலாம். வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதி இந்த மேகமலை – வருசநாடு மலைகளில்தான் இருக்கிறது. புலி தங்க வேண்டுமென்றால் மான் வேண்டும், மானுக்குப் புல்லும் மரமும் வேண்டும், அதற்குக் காடு கலையாமல் இருக்க வேண்டும். அந்தக் காடு இருந்தால்தான் மழைநீர் மலையில் தங்கி, மெல்ல ஓடையாக இறங்கும். மதுரையில் குழாயைத் திறக்கிறவருக்கும் இந்தப் புலிக்கும் அந்த அளவில் ஓர் உறவு உண்டு. அரக்கன் காவலனாகிவிட்டான் என்று சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, ஆளைக் கொன்றால்?

சட்டத்தில் ‘அரக்கன்’ என்ற சொல் இல்லை. மனித உயிருக்கு ஆபத்தானது என்றுதான் இருக்கிறது. அப்படி ஒரு புலி இருந்தாலும் ஊர் கூடி அடித்துக் கொன்றுவிட முடியாது. பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, வேறிடத்துக்கு மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் முடிவுக்கு வந்த பிறகே, காரணங்களை எழுத்தில் பதிவுசெய்து, கொல்ல உத்தரவிட முடியும்.

2021இல் நீலகிரியில் இது நடைமுறையில் சோதிக்கப்பட்டது. கூடலூர், மசினகுடி பகுதியில் 4 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலி. மக்கள் கொந்தளித்தார்கள். வேட்டையாட உத்தரவும் வந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, உடனே கொன்றுவிட வேண்டாம், உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது நீதிமன்றம். கும்கி யானை, டிரோன், தானியங்கி கேமராக்கள், மோப்ப நாய்கள் என மூன்று வாரத் தேடல். அந்த நாய்களில் தென் மாவட்ட இனமான சிப்பிப்பாறையும் இருந்தது. அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். உடம்பில் காயங்கள் இருந்தன. சிகிச்சைக்காக மைசூருவுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த மூன்று வாரமும் மசினகுடியில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் இருந்தவர்களின் பயம் நிஜமானது. கூண்டுக்குள் வந்தது காயம்பட்ட ஒரு விலங்கு என்பதும் நிஜம். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்குத்தான் போக முடியும்.

பயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

நகரத்தில் இருப்பவருக்குப் புலி என்பது டி-ஷர்ட் படம், ரீல்ஸ் வீடியோ. மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. ராஜபாளையம், சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்குப் பகுதி விவசாயிகளுக்கு அன்றாடத் தொல்லை புலியைவிட யானையும் காட்டுப்பன்றியும்தான். ஒரே ராத்திரியில் தென்னங்கன்று, வாழை எல்லாம் போய்விடும். நஷ்டஈடு தாமதமாகும்போது அந்தக் கோபம் காட்டின் மேலேயே திரும்புகிறது. சட்டவிரோத மின்வேலி அங்கிருந்துதான் பிறக்கிறது. அதில் யானையும் சாகிறது, சில நேரம் மனிதரும் சாகிறார்.

செண்பகத்தோப்பில் வாழும் பளியர் பழங்குடி மக்களுக்கு இது இன்னும் சிக்கல். தேன், கிழங்கு, மூலிகை என்று தலைமுறைகளாகக் காட்டை அறிந்தவர்கள். காடு காப்பகமாகும்போது கட்டுப்பாடுகள் முதலில் அவர்களைத்தான் தொடும். 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமைகளைத் தந்திருக்கிறது. அந்த உரிமை காகிதத்தில் மட்டும் நின்றால், புலியைக் காப்பாற்றுகிற செலவை ஊரிலேயே ஏழ்மையானவர் தலையில் கட்டியதாகிவிடும். பக்கத்தில் வாழ்கிறவர்களின் சம்மதம் இல்லாமல் எந்தக் காப்பகமும் நீண்ட நாள் நிற்காது.

காட்டோரம் போகிறவர்கள் கவனத்துக்கு

அய்யனார் கோயில், செண்பகத்தோப்பு, சதுரகிரி என்று இந்தப் பகுதிக்கு வார விடுமுறையில் வருகிறவர்கள் அதிகம். சில எளிய விஷயங்கள் போதும்.

வனத்துறை சொல்லும் நேரத்துக்குள் போய்த் திரும்புங்கள். அதிகாலையும் அந்தியும் விலங்குகளின் நேரம். தனியாகப் போகாதீர்கள். அனுமதித்த பாதையை விட்டு விலகாதீர்கள். பெரிய மிருகம் எதையாவது பார்த்துவிட்டால் திரும்பி ஓடாதீர்கள், ஓடுவது இரைதான். அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். செல்ஃபிக்காக நெருங்காதீர்கள். சாப்பாட்டுக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் போட்டுவிட்டு வராதீர்கள்.

“நம்ம ஊருக்குள்ள புலி வந்துடுச்சு” என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால், உடனே பார்வேர்ட் செய்யாமல், எந்த ஊர், எந்த வருஷம் என்று பாருங்கள். வேறு மாநிலத்தில் எப்போதோ எடுத்த வீடியோ இங்கே ஓர் ஊரையே கம்போடு கிளம்ப வைத்துவிடும். கால்தடம் பார்த்தால் அழிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இதில் பெரும்பாலானவற்றை முனி கதை சொன்ன பாட்டியும் சொல்லியிருப்பார். பொழுது சாயறதுக்குள்ள வந்துடு, தனியா போகாத, அங்க இருக்கிறத தொந்தரவு பண்ணாத. எல்லைச்சாமியின் காவலில் இருந்த அந்தக் கோட்டை இன்று காப்பகத்தின் வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள்.

வில்லிக்குக் கனவில் கிடைத்த உத்தரவு காட்டைத் திருத்தி ஊராக்கு என்பது. ஊர் உருவாகிவிட்டது, தேரும் ஓடுகிறது. கண்டனைக் கொன்ற புலி திரும்பிப் போன காடு இன்னும் மேற்கே நிற்கிறது. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது ஒரு நிமிஷம் செல்போனிலிருந்து தலை தூக்கினால் பார்க்கலாம்.